ஓ.டி.பி. கையெழுத்து ஆகாது

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். நெய் வடிகிறது என்று சொன்னவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவரின் மதியைப் பற்றித்தான் முழுக் கவலையும். போனில் பேசியே சரக்கை விற்கும் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். ஏமாந்தவர் வாய் திறந்ததும் வீட்டார், உறவினர், பக்கத்து வீட்டார் எல்லோரும் இந்தப் பழமொழியோடு வந்துவிடுகிறார்கள். கம்பெனி தன் தரப்பில் எதுவும் பேசவேண்டிய அவசியமே இல்லை. ஊரே அதற்காக வாதாடுகிறது, பைசா வாங்காமல்.

இந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். வயது 78. தனியாக வசிக்கிறார். பட்டன் போன்தான். 84 நாளுக்கு ஒருமுறை வடசேரியில் ஒரு கடையில் ரீசார்ஜ் செய்துகொள்வார். 2024 கடைசியில் அவருக்கு ஒரு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைப்பு. பேசிய பெண் அத்தனை மரியாதையாகப் பேசியிருக்கிறாள். நீங்கள் பழைய வாடிக்கையாளர், இனிமேல் ரீசார்ஜ் என்று கடைக்கு அலையவேண்டாம், வெறும் 399 ரூபாய், ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்கள் அம்மா என்றிருக்கிறாள். டீச்சர் சொன்னார். பிரீபெய்டாக இருந்த இணைப்பு போஸ்ட்பெய்டாக மாறிவிட்டது.

"வழக்கமா போடுத மாதிரி 84 நாளைக்குன்னுதான் நான் நினைச்சேன் சார். மாசா மாசம்னு அவ சொல்லவே இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு.

பில் 470 ரூபாய் 82 காசு. 399க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சரியாக அதுதான் வரும். பிரீபெய்டில் விளம்பரத்தில் சொல்லும் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. போஸ்ட்பெய்டில் விலை தனி, வரி தனி. ஐம்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தினவராக இருந்தாலும், இந்த வித்தியாசத்தை யாராவது சொன்னால் ஒழிய தெரியப் போவதில்லை. போனில் பேசிய பெண் மூன்று விஷயங்களைச் சொல்லவில்லை: இது மாதக் கட்டணம், வரி தனி, மனம் மாறினால் உடனே திரும்ப முடியாது. மூன்றில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் டீச்சர் வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

பழைய பிரீபெய்டுக்கே மாற்றுங்கள் என்று கடைக்குப் போனால், 90 நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். அதற்குள் இன்னும் இரண்டு பில் வந்துவிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகன் என்னிடம் போனில், "அங்கிள், 470 ரூபாய்க்கு இவ்வளவு பேப்பர் வேலையா? பெரியம்மாதானே ஓ.டி.பி. சொன்னாங்க?" என்றான். நல்ல பையன். பெரியம்மா மீது பிரியம் உள்ளவன். ஆனால் கம்பெனியின் வாதத்தை ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறார்கள். விரல் ரேகையை மட்டும் வாங்கிக்கொண்டு யாரையும் அனுப்பிவிட முடியாது. எழுதியிருப்பதை அவருக்குப் புரியும்படி வாசித்துக் காட்டவேண்டும். "வாசிக்கக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டேன்" என்ற வரி கீழே இருக்கவேண்டும். இன்னாருடைய ரேகைதான் என்று அருகில் ஒரு சாட்சி கையெழுத்துப் போடவேண்டும். இவ்வளவும் எதற்கு? ரேகை, ஆள் யாரென்பதைத்தான் சொல்லும். அவருக்கு என்ன புரிந்தது என்பதை அது சொல்லாது. இது அந்தக் காலத்து எழுத்தர்களுக்கே தெரிந்திருந்தது.

ஓ.டி.பி.யும் அப்படித்தான். அந்த ஆறு இலக்கம் எதை நிரூபிக்கிறது? அந்த நேரத்தில் அந்த போன் அவர் கையில் இருந்தது என்பதை. அவ்வளவுதான். விலை தெரிந்ததா, மாதக் கணக்கு தெரிந்ததா, வெளியேறும் வழி தெரிந்ததா என்பதற்கு அந்த எண்ணில் எந்தச் சாட்சியமும் இல்லை. பாமரனின் கைநாட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பைக்கூட, படித்த டீச்சரின் ஓ.டி.பி.க்கு நாம் கொடுக்கவில்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். டீச்சர் 84 நாளுக்கு 399 என்று ஒப்புக்கொண்டார். கம்பெனி 30 நாளுக்கு 470 ரூபாய் 82 காசு என்று எழுதிக்கொண்டது. இரண்டும் ஒரே விஷயமா? தவறான விவரத்தைச் சொல்லி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் அல்ல என்று அடுத்தடுத்த பிரிவுகள் சொல்கின்றன. அப்படி ஆன ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு உண்டு என்கிறது 19ஆவது பிரிவு. செல்போன் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட சட்டம். இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கம்பெனி இன்னொன்றும் சொன்னது. மாற்றம் முடிந்ததும் குறுஞ்செய்தி அனுப்பினோம், நீங்கள் மறுக்கவில்லையே என்றது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் பெண்ணைப் பற்றிச் சொல்லிவந்த வார்த்தை. அங்கேயே அது எத்தனை பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நமக்குத் தெரியும். வியாபாரத்தில் அது செல்லாது. 1862இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. மாமா ஒருவர் மருமகனின் குதிரைக்கு 30 பவுன் 15 ஷில்லிங் விலை வைத்து, உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன் என எழுதினார். மருமகன் பதில் எழுதவில்லை. பதில் வராததை வைத்து ஒப்பந்தம் ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குதிரையைத் தெரியும். ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தி பட்டன் போனில் பாதி தெரிந்து பாதி தெரியாமல் கிடக்க, அதற்கு மறுப்பு வரவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் கம்பெனியின் சட்டப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்குமா?

அரசாங்கத்துக்கும் இது தெரியாத விஷயமில்லை. போனில் ஒரு பாட்டு, ஒரு ராசிபலன் என்று கேட்காமலே சேவையைத் திணித்துப் பணம் பிடிக்கும் பழக்கம் பெருகியபோது, டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரிடம் ஒருமுறை அல்ல, இரண்டுமுறை சம்மதம் வாங்கவேண்டும் என்றது. 2017இல் வந்தது அதைவிடப் பெரிய விவகாரம். சிம் கார்டைச் சரிபார்க்கிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் ஆதார் ஒப்புதல் வாங்கி, அதே ஒப்புதலை வைத்து ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் அவர்கள் பெயரில் கணக்குத் தொடங்கினார்கள். காஸ் சிலிண்டர் மானியம் பழக்கமான வங்கிக் கணக்குக்கு வராமல், தங்களுக்கே தெரியாத அந்தக் கணக்கில் போய் விழுந்தது. மானியம் எங்கே போயிற்று என்று தேடி அலைந்தவர்கள் ஏராளம். அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

அப்போதும் நடந்தது இதேதான். ஒன்றுக்கென்று வாங்கிய சம்மதத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள். அத்தனை பேருக்கும் மதி இல்லை என்றா சொல்வது?

இனி வெளியேறும் வழிக்கு வருவோம். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

பிரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கும், அங்கிருந்து இங்கும், ஓ.டி.பி. மூலமே மாறிக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 செப்டம்பரில் அனுமதித்தது. மக்கள் படிவம் நிரப்பி அலையவேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் வந்த சீர்திருத்தம். ஆனால் ஒருமுறை மாறியவர் மறுபடி அதே வழியில் திரும்ப 90 நாள் காத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அடிக்கடி மாறுகிறவர்களைத் தடுக்க வைத்தது, ஏமாந்து உள்ளே போனவரைப் பூட்டி வைக்கும் தாழ்ப்பாளாக ஆகிவிட்டது. உள்ளே போக ஒரு நிமிஷம். வெளியே வர மூன்று மாதம், மூன்று பில். 2025 ஜூனில் முதல் தடவைக்கு அதை 30 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே வேண்டுமானால் கம்பெனியின் கடைக்கு நேரில் போய் அடையாளச் சான்று காட்டி மாறலாம். சரி, முன்னேற்றம்தான். ஆனால் போனில் விற்றவர்களுக்கு, போனிலேயே ரத்து செய்ய மட்டும் ஏன் முடியாது? 78 வயதுக்காரரை எதற்கு ஆட்டோ பிடித்து வரச் சொல்கிறார்கள்?

விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வரவேண்டும் என்பது விதி. சாதாரண எண்ணிலிருந்து வந்தால் 1909க்குப் புகார் செய்யலாம். அந்தப் புகாரை அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் செய்யவேண்டும் என்றிருந்தது. 2025 பிப்ரவரியில் ஏழு நாளாக்கினார்கள். பில் வருவதோ ஒரு மாதம் கழித்து. திருட்டுப் போனது தெரிவதற்கு முன்பே புகார் வாங்கும் ஜன்னலை மூடிவிடுவது போலத்தான் இது.

நாங்கள் செய்தது இதுதான். 198க்குப் போன் செய்து புகார் எண் வாங்கினோம். எதிர்பார்த்தபடியே, வாடிக்கையாளர் ஒப்புதலுடன் மாற்றப்பட்டது என்று பதில் வந்தது. கம்பெனிக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினோம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும் என்பது டிராய் விதி. கடிதத்தில் இரண்டே கேள்விகள் கேட்டோம். விற்ற அழைப்பின் ஒலிப்பதிவு எங்கே? மாதக் கட்டணம், வரி, காத்திருப்பு ஆகியவை அந்தப் பதிவில் எந்த இடத்தில் சொல்லப்படுகின்றன? இரண்டுக்கும் பதில் வரவில்லை. "நல்லெண்ண நடவடிக்கையாக" கட்டணம் திருப்பித் தரப்படுகிறது என்று இரண்டு வரி வந்தது. இணைப்பும் பிரீபெய்டுக்கு மாறியது.

நல்லெண்ணமாம். கோயில் உண்டியலில் கை வைத்து அகப்பட்டவன், எடுத்த காசைத் திரும்பப் போட்டுவிட்டு அதை நன்கொடை என்று ரசீது கேட்டால் எப்படி இருக்கும்? அது டீச்சருடைய பணம். திருப்பித் தருவது கடன். அந்த வார்த்தையை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணம் என்றால் தவறு என்று ஆகாது. தவறு என்று ஆகாவிட்டால், அதே போனில் அடுத்த வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம்.

வங்கி ஏமாற்றினால் 1995லிருந்து குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உண்டு. நாட்டில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருக்கும் செல்போனுக்கு அப்படி வெளியாள் ஒருவர் இல்லை. டிராய் தனி நபர் புகாரை விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டு அதிகாரி கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறவர்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கதை தனி. 2009இல் உச்ச நீதிமன்றம், பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி, தொலைபேசி பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டது. அது தந்தித் துறையே தொலைபேசி நடத்திய காலத்துச் சட்டம். தனியார் கம்பெனிகள் பல வருஷம் அதையே கேடயமாகப் பிடித்தன. அகமதாபாத்தில் ஒருவருக்கு மாத வாடகை 249 ரூபாய். 2013 நவம்பர், டிசம்பர் மாதக் கணக்குக்கு வந்த பில் 24,609 ரூபாய் 51 காசு. 2014இல் நுகர்வோர் மன்றம் போனார். வோடஃபோன் கம்பெனி, இந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்றுதான், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. எட்டு வருஷம். பில் சரியா தவறா என்பதற்கு அல்ல, எந்த வாசலில் நிற்பது என்பதற்கு மட்டும்.

அந்த வாசல் இப்போது திறந்திருக்கிறது. அந்த மனிதர் 24,000 ரூபாய்க்காக எட்டு வருஷம் நின்றதால்தான் திறந்தது. அவரிடமும் யாராவது, இந்தத் தொகைக்கு இவ்வளவு பேப்பர் வேலையா என்று கேட்டிருப்பார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்து விற்கிறவனிடம் வாங்கிவிட்டால், மனம் மாற ஏழு நாள் அவகாசம் என்று 1972லேயே அங்கே சட்டம் போட்டார்கள். பிறகு அது 14 நாளானது. வீட்டில் நிம்மதியாக இருக்கிறவனை எதிர்பாராமல் பிடித்துப் பேசி வாங்கும் சம்மதம் முழுச் சம்மதம் அல்ல என்பது அதன் அடிப்படை. கம்பெனி தானாகப் போன் செய்து விற்றால், நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பவேண்டும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அவரைக் கட்டுப்படுத்தும். போனில் சொன்ன சரி, வெறும் பேச்சு. 2023 ஜூன் முதல், இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே ஒரு சில சொடுக்குகளில் ரத்து செய்ய வழி வைத்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகும் தொல்லை ஓயாததால், முன்கூட்டிச் சம்மதம் தராதவரை விற்பனைக்காகக் கூப்பிடவே கூடாது என்று 2025 ஜூனில் சட்டம் செய்துவிட்டார்கள். 2026 ஆகஸ்ட் முதல் அது அமலுக்கு வருகிறது.

அது பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பார்கள். ஒத்துவரும். நம் நாட்டிலேயே இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தவர் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதனால் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் திவாலாகவில்லை. எளிதில் உள்ளே விட்டு வெளியே விடாமல் செய்யும் சந்தா வலையை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தவறான வியாபாரமுறைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பெயர் வைத்தாகிவிட்டது. நடவடிக்கைதான் பாக்கி.

விலை ஏறிவிடும் என்று இன்னொரு வாதம். ஏமாற்றி விற்ற பணத்தால்தான் விலை குறைவாக இருக்கிறது என்றால், மற்றவர்களின் மலிவான பிளானுக்கு டீச்சர் போன்றவர்கள் கப்பம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதை நியாயம் என்று சொல்லத் துணிந்தவர் நேரில் வந்து டீச்சரிடம் சொல்லட்டும்.

வயதானவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. கற்றுக்கொள்வோம். ஆனால் கனகமூலம் சந்தையில் ரசகதலி என்று சொல்லிப் பாளையங்கோட்டான் குலையைத் தலையில் கட்டினால், வாழைக்குலை பார்க்கக் கற்றுக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. வியாபாரியைத்தான் பிடிப்பார்கள். குலையையாவது திருப்பிப் பார்க்கலாம். போனில் வரும் குரலைத் திருப்பிப் பார்க்க முடியுமா?

ஆகவே நான் கேட்பது மூன்று. போனில் விற்ற எந்தத் திட்டமும், மொத்த விலையும் காலமும் வாடிக்கையாளரின் மொழியில் எழுத்தில் வந்து, அவர் தனியாக யோசித்து ஒப்புக்கொண்ட பிறகே அமலாக வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 14 நாள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலக உரிமை வேண்டும். எந்த வழியாக உள்ளே விட்டார்களோ அதே வழியாக வெளியே விடவேண்டும். ஒலிப்பதிவைக் காட்டமுடியாத கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்ததாகவே சொல்ல உரிமை இருக்கக்கூடாது.

அதுவரை, வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் அவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்து மறைத்துப் பில் கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். 198இல் புகார் எண் வாங்குங்கள். மேல்முறையீடு செய்யுங்கள். ஒலிப்பதிவைக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி, கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. பில், குறுஞ்செய்தி, கடித நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள். 470 ரூபாய்க்கு யாரும் சண்டை போடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு தெருவுக்கு ஒருவர் போதும்.